உழைச்செல்வானும் இறுதிநாட் பராமரிப்பும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்து முடிகின்றது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பணிபுரியும் உழைச்செல்வான் என்பன அந்நான்கு. வடமொழிச் சரகசங்கிதையும் வைத்தியன், மருந்து, பரிசாரகன், நோயாளி என நாற்பாதங்களையே கூறும். இவற்றுள் முதல் மூன்றினைப் பற்றி இக்காலத்தார் பெரிதும் பேசுவர். நான்காவதைப் பற்றி எண்ணுவார் சிலரே. ஆயினும், தீராத நோயொன்று முற்றிய நிலையில் நோயை நீக்கும் ஆற்றல் வைத்தியனுக்கும் மருந்துக்கும் இல்லாதொழிகின்றது. அப்பொழுது உழைச்செல்வானது பணியே தலைமை பெறுகின்றது. அப்பணிக்கு அன்பு இன்றியமையாதது. ஆனால் அன்பு மட்டும் போதாது. அறிவும் முன்னேற்பாடும் அதனோடு சேரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்னும் சொல்லை எத்தனையோ குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. இதன் பொருள் பாதியே உண்மை. நோயைத் தீர்ப்பதற்குரிய வழி முடிந்திருக்கலாம். நோவைத் தணிப்பதற்குரிய வழி முடிவதில்லை. இவ்வேறுபாட்டை மருத்துவ உலகுக்குத் தெளிவுற உணர்த்தியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். தாதியாகவும், வைத்தியசாலைச் சமூகப்பணியாளராகவும், பின்னர் வைத்தியராகவும் பணிபுரிந்த அவர், 1967ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவினார். இறப்பை எதிர்நோக்கியவரின் வேதனை உடலளவில் நிற்பதன்று; மனத்தின் அச்சம், குடும்பத்தைப் பற்றிய கவலை, வாழ்வின் பொருள்பற்றிய ஐயம் ஆகிய யாவும் ஒன்றுகூடிய முழுவேதனை அது என்பது அவர் கண்ட உண்மை. 1969இல் அவ்வில்லத்தினர் நோயாளரின் வீடுகளுக்கே சென்று பணிபுரியவும் தொடங்கினர்.

நமக்கு அண்மையிலுள்ள கேரள நாடு இம்முறையை ஏழை எளியோர் குடிசைவரை கொண்டுசென்றது. 1993ஆம் ஆண்டில் கோழிக்கோட்டிலே வைத்தியர்களான இராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் முயற்சியால் நோவு தணிக்கும் சங்கமொன்று தோன்றியது. வைத்தியசாலைக்கு வரமுடியாதவரே பெரும்பாலார் என்பதை அச்சங்கத்தார் விரைவில் உணர்ந்தனர். ஆகவே, அயலவரே பயிற்சி பெற்று, வாரந்தோறும் சில மணிநேரத்தை ஒதுக்கி, தாதியரோடும் வைத்தியரோடும் இணைந்து வீடுகளுக்குச் செல்லும் ஏற்பாடு மலப்புரம் முதலிய மாவட்டங்களிற் பரவியது. 2008இல் கேரள அரசு இதனைத் தன் சுகாதாரக் கொள்கையின் ஒரு பகுதியாக ஏற்றது. இறப்பவரைப் பேணுதல் ஒரு குடும்பத்தின் தனிச்சுமை அன்று. ஊரின் கடமை என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம்.

இனி, வீட்டிற் செய்யவேண்டுவனவற்றை முறையாக நோக்குவோம்.

முதற்கடன் நோவைத் தணித்தல். நோவினால் துடிக்கும் ஒருவரிடம் ஆறுதல் மொழியும் தேவாரமும் சென்று சேரா. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டி, புற்றுநோயின் நோவுக்கு மருந்து வழங்கும் நெறியை எளிதாக வகுத்தது: இயன்றவரை வாய்வழியாகக் கொடுத்தல், நோவு வரும்வரை காத்திராது நேரந்தவறாமற் கொடுத்தல், நோவின் அளவுக்கேற்பப் படிப்படியாக வலிமையான மருந்துக்குச் செல்லுதல். அப்படிகளுள் மேலானது மோர்பீன். அபினியிலிருந்து பெறப்படும் இம்மருந்தின் பெயரைக் கேட்டதும் நம்மவர் அஞ்சுவர். மயக்கத்துக்கு அடிமையாவார் என்பர். மூச்சை நிறுத்திவிடும் என்பர். மரணத்தை விரைவிக்கும் என்பர். நோவின் அளவறிந்து, சிறிதிலே தொடங்கி, வைத்தியரின் மேற்பார்வையிற் கூட்டிச்செல்லுமிடத்து இவ்வச்சங்கள் பெரும்பாலும் ஆதாரமற்றவை. சாதாரண மோர்பீன் நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுவது. முதற்சில நாட்களில் உறக்கமும் குமட்டலும் உண்டாகித் தணியும். மலச்சிக்கலோ தணிவதில்லை, ஆதலால் மலமிளக்கியையும் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறவேண்டும். கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. மருந்தைப் பிள்ளைகளின் கைக்கெட்டாதவாறு பூட்டிவைத்தல் அவசியம்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால் உண்மை நோயாளருக்கும் இம்மருந்து கிட்டாதொழிந்து, 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அச்சம் சட்டமாக உருவெடுக்கும்போது துன்புறுவோர் நோயாளரே என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. நம் நாட்டிலும் இது கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து. வைத்தியரின் எழுத்துமூலக் கட்டளையின்றிப் பெறவியலாது. ஆதலால், மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ வேறெங்கோ சிகிச்சை பெற்று வீடு திரும்புமுன், எந்த மருந்தை எவ்வளவு காலத்துக்குத் தருவர், முடிந்தபின் எங்கே பெறுவது, இரவில் நோவு மிகுந்தால் எவரை அழைப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை பெற்றுக்கொண்டே புறப்படவேண்டும். இருதயம், சிறுநீரகம், சுவாசப்பை ஆகியவற்றின் நோய் முற்றியவர்க்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.

இரண்டாங்கடன் உடலைப் பேணல். காற்றும் வெளிச்சமும் உள்ள அறையில், வீட்டாரின் பேச்சொலி கேட்குமிடத்தில், இருபுறமும் நின்று பணிசெய்யத்தக்கவாறு கட்டிலை இடவேண்டும். தாமாகப் புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்துதல் வேண்டும். இடுப்பின் பின்புறம், குதிக்கால், முழங்கை ஆகிய இடங்களைத் தினந்தோறும் பார்வையிடவேண்டும். தோல் சிவந்திருப்பின் அவ்விடத்தைத் தேய்த்தலாகாது. அதன்மீது பாரம் விழாதவாறு தலையணை வைத்தலே தக்கது. நனைந்த விரிப்பை உடனே மாற்றுதலும், வாயை ஈரத்துணியாற் பலமுறை துடைத்தலும், உதடு வெடியாமற் காத்தலும் சிறு பணிகளாகத் தோன்றும். நோயாளிக்கோ அவையே பேருதவிகள்.

மூன்றாவதாக, உணவு பற்றிய மயக்கத்தை நீக்குதல் வேண்டும். நம் பண்பாட்டில் உண்பித்தலே அன்பின் முதல் அடையாளம். ஆகவே, நோயாளி உண்ண மறுக்கும்போது, பட்டினியால் இறக்கின்றாரோ என்று தாயும் மனைவியும் மகளும் கலங்குவர். உண்மை வேறு. உடல் தன் தொழில்களை ஒவ்வொன்றாக ஒடுக்கும்போது உணவின் தேவையும் ஒடுங்குகின்றது. உண்ணாமையால் இறப்பு வருவதன்று. இறப்பு அணுகுவதால் உண்ணாமை வருகின்றது. விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்கு வலிந்து ஊட்டினால் கஞ்சியும் பாலும் சுவாசவழியிற் சென்று மூச்சுத்திணறலை உண்டாக்கும். விரும்பினால் ஒரு மிடறு இளநீர். விரும்பாவிடின் நனைத்த பஞ்சினால் நாவுக்கு ஈரம். அன்பு இவ்வளவில் அமைதல் வேண்டும்.

நான்காவது, உண்மை பேசுதல். நோயாளிக்குத் தெரியக்கூடாதென்று வீட்டார் மறைப்பர். வீட்டார் வருந்துவரென்று நோயாளி தாம் அறிந்ததை மறைப்பார். இருதிறத்தாரும் ஒரே உண்மையைத் தனித்தனியே சுமந்து, சொல்லவேண்டியதைச் சொல்லாமலே பிரிகின்றனர். எல்லாவற்றையும் ஒரேநாளிற் கொட்டிவிடவேண்டும் என்பதன்று. அவர் எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்பதைக் கேட்டறிந்து, கேட்ட அளவுக்கு மெய்யான விடை கூறுதலே முறை. எங்கே இறுதிநாளைக் கழிக்க விரும்புகின்றார், எவரைக் காண விழைகின்றார், மூச்சு ஒடுங்கும்போது இயந்திரங்களின் துணையை வேண்டுகின்றாரா என்பனவற்றை நினைவு தெளிவாயிருக்கும்போதே அறிந்து, உறவினர் யாவர்க்கும் தெரிவித்தல் வேண்டும். இன்றேல், அவரறியாத வாக்குவாதம் அவர் கட்டிலருகிலேயே நிகழும்.

ஐந்தாவது, உழைச்செல்வானையும் பேணுதல். பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ, முதிய மனைவியோ மணமாகாத மகளோ தனித்து இரவும் பகலும் விழித்திருக்கும் நிலை நம்மிடையே அரிதன்று. அனுப்பப்படும் பணம் உதவுவதே. ஆயினும் பணம் இரவிற் பக்கம் மாற்றிக் கிடத்தாது. எவர் எந்த இரவில் விழிப்பார், எவர் மருந்து வாங்குவார், எவர் சமைத்துக் கொணர்வார் எனக் குடும்பத்தாரும் அயலவரும் முறைவகுத்துக் கொள்ளவேண்டும். தொலைவிலுள்ளோர், கட்டளையிடுவதைக் குறைத்து, நாள்தோறும் பணிசெய்பவரின் சொல்லுக்கு மதிப்பளித்தல் அவர்தம் கடமை. தொண்டில் ஆர்வமுள்ள மாணவர் ஒரு மாலைப்பொழுதில் நோயாளியருகே அமர்ந்து பத்திரிகை வாசித்தாலும், அவ்வீட்டார் இரண்டு மணிநேரம் உறங்கி எழுவர். கேரளத்தில் நிகழ்ந்த பெருஞ்செயல் இத்தகைய சிறு செயல்களின் தொகுதியே.

இறுதி நாட்களின் குறிகளை முன்னரே அறிந்திருப்போர் கலங்கார். உறக்கம் மிகும், கைகால் குளிர்ந்து நிறம் மாறும், மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையிற் சளி தேங்கி ஓசை எழும். கேட்போர்க்கு அவ்வோசை கொடிதாயினும் நோயாளி பெரும்பாலும் அதனை உணர்வதில்லை. ஒருபுறமாகச் சரித்துக் கிடத்தின் அது குறையக்கூடும். இவற்றை அறியாதவர் அச்சத்தால் 1990 என்னும் அவசர வண்டிச் சேவையை அழைக்க, வீட்டிலே கண்மூட விரும்பியவர் வைத்தியசாலையின் பரபரப்பிடையே உயிர்விட நேரும். அதேவேளை, தணியாத நோவோ, கடும் மூச்சுத்திணறலோ, குருதிப்பெருக்கோ ஏற்படின் வைத்தியரை நாடுதல் தவறன்று. வீட்டிலேயே வைத்திருப்போம் என்பது நோயாளியின் நலத்துக்காகக் கொண்ட எண்ணம். எவ்வாற்றானும் காக்கவேண்டிய விரதமன்று. வீட்டில் இயற்கையாக நிகழ்ந்த இறப்பைக் கிராம அலுவலருக்கு அறிவித்துப் பதிவுசெய்தல் வேண்டும். சிகிச்சைப் பத்திரங்களை ஒருங்கே வைத்திருப்பின் அது எளிதாகும்.

சைவ மக்கள் இறுதிவேளையில் திருநீறிட்டுச் சிவபுராணம் ஓதும் வழக்கமுடையர். நினைவு தவறியவர்க்கும் செவிப்புலன் எஞ்சியிருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். ஆதலின், அவ்வறையில் உரத்த அழுகையும் வழக்குரையும் தவிர்த்து, கையைப் பற்றி, மெல்லிய குரலில் ஓதுதலே தகும். நோவு தணிந்து, உடல் தூய்மையுற்று, உற்றார் சூழ்ந்திருக்கும் வேளையிலேதான் ஓதும் பாட்டு அவர் செவியில் அமைதியாகச் சென்று விழும். அந்த அமைதியை முன்கூட்டியே ஆயத்தஞ் செய்து வைப்பவனே உழைச்செல்வான்.