துக்க தினத்தில் தேசியக் கொடி: நாம் எப்படி ஏற்றுகிறோம்?

2019 ஏப்ரல் 23 காலை. உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் 250 இற்கும் அதிகமானோர் கொல்லப்பட்டு இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. அன்றைய தினம் தேசிய துக்க தினமாக அறிவிக்கப்பட்டிருந்தது. காலை 8.30 மணிக்கு மூன்று நிமிட மௌன அஞ்சலி, அரச கட்டடங்களில் அரைக்கம்பத்தில் கொடி. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகமும் கொடியேற்ற முடிவு செய்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கொடி பறந்துகொண்டிருந்தது. ஆனால் சிங்கம் தலைகீழாக நின்றது.

மோதினாரைக் குறை சொல்ல முடியாது. சுபஹ் தொழுகை முடிந்த கையோடு, அரை வெளிச்சத்தில் அவசரமாகக் கட்டியிருக்கிறார். "கொடி பாதியில நிண்டாச் சரிதானே சேர்?" என்று என்னிடம் கேட்டார். சந்தியில் இராணுவத்தினர் நின்றார்கள். சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. இல்லாவிட்டால் அந்த ஒரு படம் போதும், "முஸ்லிம்கள் தேசியக் கொடியைக் கவிழ்த்துவிட்டார்கள்" என்று பகலாவதற்குள் நாடு முழுக்கப் போயிருக்கும். கவனக்குறைவு என்று எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? பாடசாலையில் பல வருடங்கள் சாரணர்களுக்குப் பொறுப்பாக இருந்தவன் என்ற முறையில், அன்று முதல் இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கொடியின் மேல்பக்கமும் கம்பப்பக்கமும். பச்சைப் பட்டைதான் கம்பத்தை ஒட்டி வர வேண்டும், அதற்கு அடுத்தது செம்மஞ்சள், அதன் பிறகே சிங்கம். சிங்கத்தின் முகம் கம்பத்தைப் பார்த்திருக்கும், வாளின் நுனி வானத்தைப் பார்த்திருக்கும். கயிற்றில் முடிச்சுப் போடுமுன் இந்த இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். இருட்டில் கட்டாதீர்கள்.

அடுத்தது அரைக்கம்பம். நம்மில் பலர் கீழிருந்து இழுத்துப் பாதியில் நிறுத்திக் கட்டிவிடுகிறார்கள். அது முறையல்ல. கொடியை முதலில் உச்சி வரை ஏற்ற வேண்டும். அங்கே ஒரு கணம் நிறுத்திய பின்னரே மெதுவாக இறக்கி அரைக்கம்பத்தில் கட்ட வேண்டும். மாலையில் கழற்றும்போதும் அப்படியே: மீண்டும் உச்சிக்கு ஏற்றி, பிறகு முழுவதுமாக இறக்க வேண்டும். இதில் ஒரு பொருள் இருக்கிறது. கொடியின் இடம் உச்சிதான், இறந்தவர்களுக்காக அது தன் இடத்திலிருந்து தாழ்கிறது. பாதியிலேயே நின்றுவிட்ட கொடி, கயிறு சிக்கிய கொடியைப் போலத்தான் தெரியும். பக்கத்தில் வேறு கொடிகள் பறந்தால் அவை தேசியக் கொடியை விட உயரத்தில் நிற்கக் கூடாது. வீட்டு வாசலிலும் கடை முகப்பிலும் சிறு தடியில் செருகும் கொடியை அரைக்கம்பத்தில் விட வழியில்லை. அங்கே வெள்ளைக் கொடி கட்டுவதே நல்லது. சாயம் போன, கிழிந்த கொடியைத் துக்க தினத்துக்குப் போதும் என்று எடுக்க வேண்டாம். சுதந்திர தினத்துக்குப் புதிய கொடி வாங்குகிறவர்கள் துக்கத்துக்குப் பழையதைத் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த நாளில் இறக்குவது? அதை நாமாகத் தீர்மானிப்பதில்லை. அரசாங்கம் துக்க தினம் அறிவிக்கும், அறிவித்தல் பிரதேச செயலகம் வழியாக ஊருக்கு வரும். எலிசபெத் மகாராணிக்காக 2022 செப்டம்பர் 19 இலும், ஈரான் ஜனாதிபதி ரைசிக்காக 2024 மே 21 இலும் நமது கொடி தாழ்ந்தது. பெப்ரவரி 4 துக்க தினமல்ல, அன்று கொடி உச்சியில் நிற்க வேண்டும்.

இங்கேதான் மனது கனக்கிறது. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஏறாவூர். அதே ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இந்த நாட்கள் இன்னும் அந்தந்த ஊர்களின் நாட்களாகவே இருக்கின்றன. "மகாராணிக்குத் தாழ்ந்த கொடி எங்கட ஷுஹதாக்களுக்குத் தாழாதா?" என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் அறிவித்தல் இல்லாமல் நாமே தேசியக் கொடியை இறக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வோர் ஊரும் தன் துக்கத்துக்கு இறக்கத் தொடங்கினால், கொடி தாழ்வது நாட்டின் துக்கம் என்ற அர்த்தமே போய்விடும். வெள்ளைக் கொடி கட்டலாம், கடைகளை மூடலாம், குர்ஆன் ஓதி துஆச் செய்யலாம். தேசிய துக்க தினம் வேண்டும் என்ற கோரிக்கையை எழுத்தில் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்கலாம். அந்த இளைஞரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் திருப்திப்படவில்லை.

மார்க்க ரீதியான தயக்கத்தையும் சிலர் எழுப்புகிறார்கள். மௌன அஞ்சலி பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதை அவர்களிடமே விடுகிறேன். கொடி விடயத்தில் எனக்குச் சிக்கல் தெரியவில்லை. கொடிக்கு யாரும் இபாதத் செய்வதில்லை. மூத்தா போரில் ஸைத், ஜஃபர், அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரழி) ஆகியோர் ஒருவர் பின் ஒருவராகக் கொடியை ஏந்தி ஷஹீதானதும், அந்தச் செய்தியைச் சொல்லும்போது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கியதும் நாம் ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவை. சவூதியில் கொடியை அரைக்கம்பத்தில் இறக்குவதில்லையே என்று ஒருவர் வாதிட்டார். உண்மைதான், அதில் கலிமா இருக்கிறது. சிங்கக் கொடியில் அது இல்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு வருடாவருடம் கூடும் சமூகத்துக்குக் கொடி என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்கக் கொடியைத் தேசியக் கொடியாக்கும் பிரேரணையை 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. பின்னர் அமைக்கப்பட்ட கொடிக் குழுவில் ரி.பி. ஜாயா இருந்தார். பச்சையும் செம்மஞ்சளும் அந்தக் குழுவின் வழியாகவே வந்தன. குழுவிலிருந்த செனட்டர் நடேசன், பட்டைகள் சிங்கத்துக்கு வெளியே ஒதுங்கி நிற்பதாகக் கருதி உடன்படவில்லை. அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. 2015 இல் கொழும்பு ஆர்ப்பாட்டமொன்றில் பட்டைகளே இல்லாத சிங்கக் கொடிகளை ஏந்தியபோது நம்மவர்கள் கொதித்தார்கள். கடையில் கொடி வாங்கும்போது அதையும் பாருங்கள். பட்டையில்லாத கொடியை விலை குறைவென்று வாங்கிப் பள்ளிவாசலில் கட்டிவிட்டால் பிறகு யாரிடம் முறையிடுவது?

அன்று காலை கொடியை இறக்கி, திருப்பிக் கட்டி, உச்சி வரை ஏற்றித் தாழ்த்தினோம். சந்தியில் நின்ற இராணுவச் சிப்பாய் ஒருவர் அருகில் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். மாலை மஃரிபுக்கு முன் மோதினார் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். "சேர், முதல்ல மேல ஏத்தி, பிறகுதானே இறக்கிற?" என்றார். ஓம் என்றேன். அவரே தனியாகப் போய்ச் செய்தார்.