மலையில் மறைக்காதீர்கள், கரையில் காத்திராதீர்கள்

அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலிருந்து ஆண்டீஸ் மலையைக் கடந்து சிலிக்குள் இறங்கி, பசிபிக் கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது பலரும் விரும்பும் பயணம். இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் விதி தெரியாமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்லையில்

இந்த வழியில் எல்லையைக் கடக்கும் கிறிஸ்டோ ரெடென்டோர் சுரங்கப்பாதை சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பனி கொட்டினால் நாள்கணக்கில்கூட மூடிவிடுவார்கள். பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாடகைக் கார் என்றால், எல்லை தாண்ட நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி கட்டாயம். அர்ஜென்டினாவுக்கே திரும்புவதானால், உங்கள் விசா மறுபடி நுழைய இடம் தருகிறதா என்றும் பாருங்கள். சிலியில் நுழையும்போது தரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், வெளியேறும்போது கேட்பார்கள். தொலைந்தால் புலனாய்வுக் காவல்துறையிடம் நகல் பெறலாம்.

பழ ஈ போன்ற பூச்சிகள் உள்ளே வந்தால் சிலியின் பழ ஏற்றுமதிக்கே ஆபத்து. அதனால் பழம், விதை, இறைச்சி, தேன் எது இருந்தாலும் உறுதிமொழிப் படிவத்தில் எழுதியாக வேண்டும். எழுதிக் கொடுத்தால், அனுமதி இல்லாத பொருளை எடுத்துக்கொள்வார்களே தவிர அபராதம் கிடையாது. பையில் மறந்துபோன ஓர் ஆப்பிள்கூட அபராதத்தில் முடியலாம். சந்தேகமாக இருந்தால் ‘ஆம்’ என்றே எழுதுங்கள். அபராதம் போட்டால் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்பு உண்டு.

கடற்கரையில்

சிலியில் கடற்கரை பொதுச்சொத்து. கரைக்குப் போக வேறு வழி இல்லாத இடத்தில், ஒட்டியுள்ள நிலத்தின் உரிமையாளர் இலவசமாக வழிவிட வேண்டும் என்று 1977ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் நடக்கும் உரிமை வேறு, தங்கும் உரிமை வேறு. கூடாரம் போடலாமா, தீ மூட்டலாமா என்பதை அந்தந்த ஊர் நகராட்சியிடம் கேளுங்கள். மணலில் வண்டி ஓட்டாதீர்கள். அதற்குத் தடை உண்டு. 2024 பிப்ரவரியில் வால்பரைசோ பகுதியில் பரவிய காட்டுத்தீ 130 பேருக்கு மேல் பலிகொண்டது. தீ விஷயத்தில் அங்கே யாரும் விளையாட்டாக இருப்பதில்லை.

பெரிய அபாயம் சுனாமி. 2004இல் அலை தமிழகக் கரையை எட்ட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. சிலியில் நிலநடுக்கம் கரைக்கு அருகிலேயே நேரும். அரை மணி நேரத்துக்குள் அலை வந்துவிடலாம். 2010 பிப்ரவரி 27 அதிகாலை, 8.8 அளவு நிலநடுக்கத்துக்குப் பின், கான்ஸ்டிட்யூசியோன் நகரருகே ஆற்றுத்தீவு ஒன்றில் முகாமிட்டிருந்தவர்களில் பலரை அலை அடித்துச் சென்றது. அன்று அதிகாரிகளின் எச்சரிக்கையும் சரியாக வந்துசேரவில்லை. நிற்க முடியாத அளவுக்கு நிலம் ஆடினால் அறிவிப்புக்குக் காத்திராமல், 30 மீட்டருக்கு மேலான மேட்டுக்கு நடந்தே போய்விடுங்கள். முதல் அலை வடிந்ததும் பொருளை எடுக்க இறங்காதீர்கள். அடுத்தது இன்னும் பெரிதாக இருக்கலாம். கூடாரம் போடும் முன்பே வெளியேறும் வழிப்பலகை எங்கே என்று பார்த்து வையுங்கள்.

உதவிக்கு

சிலியில் ஆம்புலன்ஸ் 131, தீயணைப்பு 132, போலீஸ் 133, கடல் மீட்பு 137. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார் பதியுங்கள், பிறகு சாண்டியாகோவில் உள்ள இந்தியத் தூதரகம். உங்களைத் தடுத்து வைத்தால், தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்பது 1963 வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.