பின்லாந்தும் எஸ்தோனியாவும்: ஏட்டில் ஏறும் வாணிகமும் ஏறா வாணிகமும்

இரு நாடுகளுக்கிடையே நிகழும் பண்ட வாணிகத்தின் அளவை அறிய விரும்புவோர் சுங்கத் திணைக்களத்தின் ஏட்டையே முதற்கண் நாடுவர். ஏற்றுமதி இவ்வளவு, இறக்குமதி இவ்வளவு, மிகுதி இன்ன நாட்டின் பக்கம் என்று அவ்வேடு கூறுமிடத்து அதனை ஐயுறுவோர் சிலரே. பெரிய நாடுகளின் கணக்கில் ஏட்டின் குறைகள் பெருந்தொகைகளுள் மறைந்துபோகும். சிறிய நாடுகள் இரண்டு ஒன்றையொன்று அடுத்திருக்கும்போதோ அக்குறைகள் வெளிப்பட்டு நிற்கும். வட ஐரோப்பாவிற் பின்லாந்து வளைகுடாவின் இரு கரைகளிலும் அமைந்த பின்லாந்து, எஸ்தோனியா என்னும் நாடுகளின் வாணிகம் இதற்குத் தக்க சான்றாகும்.

எஸ்தோனியாவின் தலைநகரான தாலினுக்கும் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். விரைவான கப்பலில் இரண்டு மணி நேரப் பயணம். பின்லாந்தின் குடித்தொகை 56 இலட்சம் அளவினது. எஸ்தோனியாவினது 14 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இரு மக்களின் மொழிகளும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. வெப்ப நாடு மிளகையும் குளிர்நாடு கம்பளியையும் மாற்றிக்கொள்ளும் என்னும் பாடநூல் விளக்கம் ஈண்டு அதிகம் பயன்படாது. இரண்டும் குளிர்நாடுகள், இரண்டும் காடு மிகுந்தவை. ஒல்லாந்துப் பொருளியலறிஞர் யான் தின்பெர்கன் 1962 இல் வெளியிட்ட கருத்தே இங்குப் பொருந்துவது. இரு நாடுகளின் வாணிகம் அவற்றின் பொருளாதாரப் பருமனுக்கேற்பப் பெருகும், இடைத்தூரத்துக்கேற்பக் குறையும் என்பது அது. நியூற்றனின் விதியை ஒத்திருத்தலின் ஈர்ப்பு மாதிரி எனப் பெயர்பெற்றது. அயலவன் சிறியவனாயினும் அயலவனே என்று இதனை எளிதாகச் சொல்லலாம்.

இவ்வயல் வாணிகத்தின் பழைய வடிவம் எந்தச் சுங்க ஏட்டிலும் முழுமையாக இடம்பெறவில்லை. வளைகுடாவின் வடகரையிலும் சூர்சாரி, துத்தர்சாரி, லாவன்சாரி முதலிய தீவுகளிலும் வாழ்ந்த பின்லாந்து மீனவருக்கு நிலம் பாறை. கடலோ மீன் நிறைந்தது. சாளைக்கு உறவான ஹெரிங் என்னும் சிறுமீனை உப்பிட்டுப் படகில் ஏற்றி, எஸ்தோனியாவின் வடகரைக்குக் கொணர்ந்து, றை முதலிய தானியங்களுக்கு மாற்றிச் செல்வர். காசு பெரும்பாலும் கைமாறுவதில்லை, முகத்தலளவையே கணக்கு. ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் எதிர்க்கரையில் உரிய உழவர் குடும்பம் ஒன்று உண்டு. அவ்வுறவு தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். எஸ்தோனிய மொழியில் இவ்வாணிகத்துக்கு வழங்கிய பெயரே 'நட்பு வாணிகம்' எனப் பொருள்படுவது. வந்தவன் நண்பன் வீட்டிலேயே தங்குவான். மொழிகள் நெருங்கியவையாதலின் இடையில் மொழிபெயர்ப்பாளன் வேண்டியதில்லை. தம்மை விலக்கி நடந்த இக்கொடுக்கல் வாங்கலைத் தாலின் நகர வணிகர் விரும்பவில்லை என்பது வியப்பன்று.

1918 ஆம் ஆண்டளவில் இரு நாடுகளும் இரஷ்யப் பேரரசினின்று நீங்கித் தனிநாடுகளாயின. அதன்பின் கடலின் நடுவே உண்மையான சுங்க எல்லை தோன்றிற்று. தோன்றிய உடனேயே அதனை மீறுவதற்கு வலிய காரணமும் கிடைத்தது. 1919 சூன் 1 இலிருந்து பின்லாந்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. எஸ்தோனியாவிலோ உருளைக்கிழங்கிலிருந்து சாராயம் வடிப்பது பழந்தொழில். முன்னர் இரஷ்யச் சந்தையைப் பெரிதும் நம்பியிருந்த வடிசாலைகளுக்கு அச்சந்தை மூடப்பட்டிருந்தது. விளைவைச் சொல்லவேண்டியதில்லை. நண்பர் படகு சென்ற வழியிலேயே சாராயப் படகும் சென்றது. இக்கடத்தலை ஒடுக்குவதற்காகப் போல்ற்றிக் கடல்சார் நாடுகள் 1925 ஓகத்து 19 இல் ஹெல்சிங்கியில் உடன்படிக்கையொன்றிற் கையெழுத்திட்டன. உடன்படிக்கையாற் கடத்தல் நிற்கவில்லை. மதுவிலக்கு நீங்கியதாலேயே அதன் ஊதியம் குன்றியது. மதுக்கடைகள் மீண்டும் திறந்தது 1932 ஏப்பிரில் 5 ஆம் நாள் காலை 10 மணிக்கு. நாள், மாதம், ஆண்டு, மணி என எழுதினால் 5, 4, 3, 2, 1, 0 என இலக்கங்கள் இறங்குவரிசையில் நிற்பதைப் பின்லாந்து மக்கள் இன்றும் வேடிக்கையாகச் சொல்வர்.

1940 இல் எஸ்தோனியா சோவியத்து ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. மேற்சொன்ன மூன்று தீவுகளும் அவ்வாண்டிலேயே சோவியத்தின் கைக்குச் சென்றன; தீவு மக்கள் பின்லாந்தின் பெருநிலத்துக்குப் பெயர்ந்தனர். நட்பு வாணிகம் அத்துடன் முடிந்தது. தின்பெர்கனின் விதியில் இடைத்தூரம் என்பதைக் கிலோமீற்றரால் மட்டும் அளக்கலாகாது என்பதற்கு இக்காலம் தக்க எடுத்துக்காட்டு. கடலின் அகலம் அதுவே. பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியதோ 1965 இல்.

1991 ஓகத்தில் எஸ்தோனியா விடுதலையை மீட்டது. அடுத்த ஆண்டு சூனில் குரோன் என்னும் சொந்த நாணயத்தை வெளியிட்டு, எட்டுக் குரோன் ஒரு ஜேர்மன் மார்க்கு என மாற்றுவீதத்தை நிலைநிறுத்தியது. இறக்குமதித் தீர்வைகளைப் பெரும்பாலும் தானாகவே நீக்கியது. பின்னர் 2004 இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தபோது, ஒன்றியத்தின் பொதுத் தீர்வையை ஏற்கவேண்டியிருந்தமையாற் புறநாடுகளின் பண்டங்கள்மீது புதிதாகத் தீர்வை விதிக்கவேண்டியதாயிற்று; தடையற்ற வாணிகத்தை நாடி ஓர் ஒன்றியத்துட் புகுந்த நாடு தன் தீர்வையை உயர்த்திக்கொண்டது விந்தையே.

இக்காலத்திற் பின்லாந்தின் எல்கொடெக் என்னும் கம்பனி தாலினில் தொழிற்சாலை அமைத்தது. நொக்கியா, எரிக்சன் ஆகிய கம்பனிகளுக்கான தொலைபேசிக் கருவிகள் அங்கே பொருத்தப்பட்டன. உறுப்புக்கள் வெளியிலிருந்து வரும். கூலி குறைந்த தாலினில் ஒன்றுசேர்க்கப்படும். முடிந்த பொருளாகத் திரும்பும். இதைச் சுங்க ஏடு எவ்வாறு காட்டும்? உதாரணமாக, 90 நாணயம் பெறுமதியான உறுப்புக்கள் வந்து, 100 பெறுமதியான பொருளாகச் சென்றன என்க. எஸ்தோனியாவின் உழைப்பாற் கூடியது 10 மட்டுமே. ஏட்டிலோ இறக்குமதி 90, ஏற்றுமதி 100. உற்பத்தி ஏறும்போது நாட்டின் ஏற்றுமதி பெரும்பாய்ச்சலாக உயர்ந்தது போலத் தோன்றும். 2001 இல் உலகத் தொலைத்தொடர்புத் தொழில் தளர்ந்தபோது பெருவீழ்ச்சி போலத் தோன்றும். இரு தோற்றங்களும் மிகைப்பட்டவை. இதனாலேயே இப்போதைய சென்மதி நிலுவை முறையில், உரிமை கைமாறாமல் பதப்படுத்தலுக்காக மட்டும் எல்லை கடக்கும் பண்டம் பண்டக் கணக்கிற் சேர்க்கப்படுவதில்லை; பதப்படுத்தற் கூலி மட்டும் சேவையாகப் பதியப்படுகிறது. ஐரோப்பிய நாடுகள் 2014 இல் இம்முறைக்கு மாறின. எல்லை கடந்த பண்டத்தை எண்ணும் புள்ளிவிவரமோ பழையபடி முழுப் பெறுமதியையே எண்ணுகிறது. ஆகவே ஒரே நாட்டின் ஏற்றுமதிக்கு இரு வேறு தொகைகள் அச்சில் வரக் காண்போர் மயங்குதல் இயல்பு. அக்கம்பனியின் தாலின் தொழிற்சாலையை 2009 இல் எரிக்சன் வாங்கிற்று. கம்பனி 2011 இல் முறிந்தது.

இன்னொரு மயக்கமும் உண்டு. பின்லாந்து தன் ஏற்றுமதியெனச் சொல்லும் தொகையும் எஸ்தோனியா பின்லாந்திலிருந்து இறக்குமதியெனச் சொல்லும் தொகையும் ஒன்றாக இருத்தல் வேண்டும், இருப்பதில்லை. ஏற்றுமதி தன் எல்லையில் உள்ள விலைக்கும், இறக்குமதி கப்பற்கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலைக்கும் மதிக்கப்படுதல் ஒரு காரணம். ஒன்றியத்துள் எல்லைச் சுங்கப் பத்திரம் இல்லாமையால், குறித்த தொகைக்கு மேற்பட வாணிகம் செய்யும் கம்பனிகள் மாதந்தோறும் தரும் அறிக்கையையே நம்புதல் மற்றொரு காரணம். சிறு கம்பனிகளின் பங்கு மதிப்பீடே.

இவை யாவினும் பெரிய ஓட்டை மதுவினாலேயே ஏற்பட்டது. 2004 மே 1 இல் எஸ்தோனியா ஒன்றியத்திற் சேர்ந்ததும், பின்லாந்தினர் தம் சொந்தப் பாவனைக்காக வேண்டிய அளவு மதுவை அங்கிருந்து வரியின்றிக் கொண்டுவரலாமென்றாயிற்று. அதனை எதிர்பார்த்த பின்லாந்து அரசு அவ்வாண்டு மார்ச்சு 1 இலேயே தன் மதுவரியைச் சராசரியாக நூற்றுக்கு 33 வீதம் குறைத்தது. குறைத்தும் கப்பல்களில் பியர்ப் பெட்டிகள் வண்டி வண்டியாக வந்தன. மலிவான மது இரு வழியாலும் கிடைக்கவே குடியும், குடியால் நேரும் மரணங்களும் பின்லாந்தில் மிகுந்தன. 2008 இலிருந்து வரி மீண்டும் உயர்த்தப்பட்டது.

பயணி கையிற் கொண்டுசெல்லும் பியர் பண்ட ஏற்றுமதியன்று. வேற்று நாட்டான் தாலின் கடையிற் செலவிட்ட பணமாகையால் அது சுற்றுலாச் சேவையின் வரவில் எழுதப்படும். இதனினும் விநோதம் ஒன்றுண்டு. அக்கடைகளில் விற்ற பியரிற் கணிசமான பங்கு பின்லாந்திலேயே காய்ச்சப்பட்டது. கப்பலேறித் தாலினுக்குச் செல்லும்போது அது பின்லாந்தின் ஏற்றுமதி. பயணியின் தள்ளுவண்டியில் ஹெல்சிங்கிக்குத் திரும்பும்போது ஏட்டில் ஒன்றுமில்லை. பின்லாந்திற் காய்ச்சிப் பின்லாந்திற் குடித்த மது, எஸ்தோனியர் குடித்ததாகக் கணக்கில் நிற்கிறது. உண்மையை அறியவேண்டிய சுகாதாரத் துறையினர் சுங்க ஏட்டை விட்டு, மாதிரியாகத் தெரிந்தெடுத்த மக்களை நேரே வினவி, அவர்கள் கொணர்ந்த அளவை மதிப்பிடலாயினர். குடிப்பவனின் வாய்மொழி ஏட்டினும் மெய்க்கு அண்மையதாக இருந்தது.

எஸ்தோனியாவும் இப்பாடத்தினின்று தப்பவில்லை. பின்லாந்துப் பயணியர் எப்படியும் வருவர் என்று எண்ணிப்போலும் அந்நாடு 2016 இலிருந்து மதுவரியைக் கடுகதியில் உயர்த்திற்று. உடனே எஸ்தோனியர் தெற்கே இலத்வியாவின் எல்லைக்கு விரைந்தனர். அங்கே வல்கா போன்ற எல்லையூர்களில் அவர்களை நோக்கியே மதுக்கடைகள் எழுந்தன. எஸ்தோனியாவினின்று இலத்வியாவுக்குப் பியர் ஏற்றுமதியாகி, எஸ்தோனியரின் வண்டிகளில் திரும்பிவந்தது. 2019 சூலையிற் பியருக்கும் சாராயத்துக்குமான வரியை எஸ்தோனியா நூற்றுக்கு 25 வீதம் குறைத்தது.

இவற்றுக்கு நேர்மாறாக, ஏட்டினின்று சிறிதும் தப்பாத பண்டமும் இக்கடலைக் கடக்கிறது. அது மின்வலு. எஸ்ற்லிங்கு என்னும் கடலடி வடங்களுள் முதலாவது 2006 இலும் இரண்டாவது 2014 இலும் அமைந்தன; முன்னது 350, பின்னது 650 மெகாவாற்று கடத்தவல்லவை. எத்திசையில், எந்த மணியில், எவ்வளவு சென்றது என்பதை இரு கரைகளிலும் உள்ள மானிகள் பதிவுசெய்யும். வழியில் இழந்தது போக இரு நாட்டுக் கணக்கும் பொருந்தும். 2024 திசெம்பர் 25 இல் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடியில் இழுபட்டு இரண்டாவது வடம் அறுந்தது. செப்பனிட்டு மீண்டும் இயக்கியது 2025 சூனில். இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு மாதமும் இரு நாடுகளுக்கிடையே எஞ்சியிருந்தது 350 மெகாவாற்று வழியே.