கிளினிக் பூட்டிய பிறகு யாரைக் கூப்பிடுவது?

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் கிளினிக் வாசல்களில் செருப்பு குவிந்து கிடக்கும். டோக்கன் வாங்கியவர்கள் பெஞ்சில், வாங்காதவர்கள் படியில். ஒன்பது, ஒன்பதரைக்கு டாக்டர் கிளம்பிவிடுவார்; ஷட்டர் இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் திறப்பதே இல்லை. பொங்கலையொட்டி நாலு நாள் விடுமுறை வந்தால் கேட்கவே வேண்டாம்.

பிரிட்டனில் இந்த நேரத்துக்கென்றே தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வார நாளில் மாலை ஆறரை முதல் காலை எட்டு வரையும், சனி ஞாயிறு முழுக்கவும் குடும்ப டாக்டர் கிடைக்கமாட்டார். 111-ஐ அழைத்தால் விவரம் கேட்டு, வேண்டுமானால் டாக்டரிடம் சேர்த்துவிடுவார்கள். பிள்ளை லண்டனில் இருக்கும் வீடுகளில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். நம் பக்கம் அப்படி ஒரே வாசல் இல்லை. ஆனால் வாசலே இல்லை என்று நினைப்பதும் சரியில்லை. 104, 108, ஆரம்ப சுகாதார நிலையம், ஜி.எச்., மெடிக்கல் காலேஜ் என்று ஐந்தாறு வாசல்கள் இரவிலும் திறந்திருக்கின்றன. டெல்டாவில் இரவு நேர நோயாளிக்குத் தூரத்தால் போகும் நேரத்தைவிட, தவறான வாசலில் போய் நின்று போகும் நேரம்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

முதலில் 104. 2013 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச மருத்துவ ஆலோசனை எண் இது. இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் காலை வரை பொறுக்கலாமா என்று தெரியவில்லை என்ற குழப்பத்துக்குத்தான் இது. பேசுவதற்கு முன் நோயாளியின் வயது, எத்தனை மணி நேரமாகத் தொந்தரவு, சர்க்கரை, பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையையே கையில் வைத்துக்கொண்டு பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பது இன்னும் நல்லது; "ஒரு மஞ்சக் கலர் மாத்திரைங்க" என்றால் அந்தப் பக்கம் இருப்பவர் என்ன செய்வார்? மனம் நொந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர்களுக்கும் 104-இல் ஆலோசனை உண்டு. மனநலத்துக்கென்றே 14416 என்ற எண்ணும் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது.

ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. சாயங்காலத்தோடு முடிந்துவிடும். பிரசவம் பார்ப்பதற்காக இரவிலும் நர்ஸ் இருப்பார். முதலுதவி செய்வார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பார். இரவில் டாக்டர் அங்கேயே உட்கார்ந்திருப்பார் என்று மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வட்டாரத்துக்கு ஒன்றாக 30 படுக்கையோடு தரம் உயர்த்தப்பட்ட நிலையங்கள் உள்ளன. அங்கே வாய்ப்பு அதிகம். உங்களுக்குப் பக்கத்தில் அது எது என்று பகலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது 108. 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கியது, காசு கிடையாது. நம்பர் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் பேசத் தெரிந்தவர்கள் குறைவு. நீங்கள் அடிக்கும் போன் சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. எடுப்பவருக்கு உங்கள் ஊர் மதகும் தெரியாது, மாரியம்மன் கோயிலும் தெரியாது. அதனால் பெரியதிலிருந்து சிறியதாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்: மாவட்டம், வட்டம், ஊராட்சி, தெரு. டெல்டாவுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு, அது ஆறு. காவிரி, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பத்து மைலுக்குள் நாலு ஆற்றைத் தாண்டும் நாடு இது. தென்கரை ஊரை வடகரைச் சாலையில் தேடினால், எதிரே விளக்கு தெரிந்தாலும் அடுத்த பாலம் வரை போய்த்தான் திரும்ப வேண்டும்.

"தஞ்சாவூர் மாவட்டம், பாபநாசம் வட்டம். குடமுருட்டி ஆத்துக்குத் தென்கரை. பாலம் எறங்கி இடது கை வாய்க்கால் ரோடு, ரேஷன் கடைக்கு எதிர்த்தாப்ல. அப்பாவுக்கு 58 வயசு, அரை மணி நேரமா நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுது." ஊராட்சிப் பெயரையும் சேர்த்துக்கொண்டால் இவ்வளவு போதும். போனை நீங்களாக வைக்காதீர்கள். அந்த நம்பரை பிஸியாகவும் வைக்காதீர்கள். வண்டி ஓட்டி வரும் பைலட் அதே நம்பருக்குத்தான் கூப்பிட்டு வழி கேட்பார். சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல வேறு போன் எடுங்கள். ஒரு பையனை டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாலையில் தண்ணீர் ஏறியிருந்தால் எந்த வழியாக வண்டி வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நெல் விளையும் ஊரில் இரவு அவசரம் என்றால் பாம்புக்கடியைச் சொல்லாமல் முடியாது. வயலில் மிதிபட்டுக் கடிப்பது பெரும்பாலும் கண்ணாடி விரியன். வீங்கும், வலிக்கும், யாரும் அலட்சியம் செய்யமாட்டார்கள். ஏமாற்றுவது கட்டுவிரியன். ராத்திரியில் நடமாடும், தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியே இருக்காது, பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுவார்; "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று வீட்டில் ஓம வாட்டர் கொடுப்பார்கள். பிறகு இமை தானாக இறங்கும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு தடுமாறும். தரையில் படுத்தவர் நள்ளிரவுக்கு மேல் காரணமில்லாத வயிற்று வலியோடு எழுந்து இமையும் சொருகினால், பாம்பைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் 108-க்கு அடியுங்கள்.

கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் ஒரு சட்டத்தில் வைத்துத் துணியால் தளரச் சுற்றினால் போதும். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துவர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். கூட வந்தவர்கள் "மருந்து போடாம சும்மா வச்சிருக்காங்க" என்று சண்டை பிடிப்பது அந்த 20 நிமிடத்தில்தான். கட்டுவிரியன் கடியில் ரத்தம் உறையும். அங்கே டாக்டர் பார்ப்பது இமையையும் மூச்சையும். விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வழங்கப்படுகிறது. ஆனால் மூச்சு நின்றால் வேண்டிய செயற்கை சுவாசக் கருவி பெரிய மருத்துவமனையில்தான் இருக்கும். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

நெஞ்சு வலிக்கும் இதே அவசரம்தான். வாயு என்று சோடா குடிக்கவைத்துப் பார்ப்பது நம் வீட்டு வழக்கம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு வியர்வையோடு வலி வந்தால் அந்தப் பரிசோதனை வேண்டாம். 2023 ஜூனில் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் என மொத்தம் 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். அங்கே கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

எங்கே போவது? விபத்து, விஷம், நெஞ்சு வலிக்குத் தஞ்சை மெடிக்கல் காலேஜ் மருத்துவமனை. பிரசவத்துக்கு ஊருக்குள் இருக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனை. இரண்டும் ஒரே கல்லூரியைச் சேர்ந்தவை என்றாலும் இடம் வேறு. வலியெடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆட்டோ மெடிக்கல் காலேஜுக்குப் போய்த் திரும்புவது வீண். மாவட்டத் தலைமை மருத்துவமனை தஞ்சையில் இல்லை, கும்பகோணத்தில் இருக்கிறது. திருவாரூருக்கு 2010 முதல் மருத்துவக் கல்லூரி உண்டு. 2022 ஜனவரியில் திறந்த நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி ஊருக்கு வெளியே ஒரத்தூரில் இருக்கிறது.

பக்கத்திலிருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவதானால் புறப்படும் முன் போன் செய்து ஒரே கேள்வி கேளுங்கள்: "டூட்டி டாக்டர் இருக்காரா?" போர்டில் 24 மணி நேரம் என்று எழுதியிருப்பதும் இரவு இரண்டு மணிக்கு டாக்டர் இருப்பதும் வேறு வேறு. "போலீஸ் கேஸ், முதல்ல ஸ்டேஷனுக்குப் போங்க" என்று விபத்தில் அடிபட்டவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உயிரைக் காக்கும் சிகிச்சையை முதலில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. சாலை விபத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது. அடிபட்டவர் வெளி மாநிலத்தவரானாலும் செல்லும்.

குழந்தைக் காய்ச்சல்தான் பெற்றோரை அதிகம் அலைக்கழிக்கும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். அதற்கு மேற்பட்ட குழந்தை பால் குடிக்கிறது, மூத்திரம் போகிறது, கூப்பிட்டால் பார்க்கிறது என்றால், டாக்டர் முன்பு எடைக்குத் தக்கபடி எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் அளவைக் கொடுத்து 104-இல் பேசிக்கொண்டு விடியும்வரை பார்க்கலாம். வலிப்பு, மூச்சிரைப்பு, விடாத வாந்தி, எழுப்பினாலும் கண் திறக்காத சோர்வு, இதில் எது வந்தாலும் பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் டெங்கு இருக்கும் என்பதால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் வேண்டாம்.

ராத்திரிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறவர்கள் நிறைய பேர். அந்தச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். என்ன ஊசி, எந்த அளவு, எத்தனை மணிக்கு என்று டூட்டி நர்ஸிடமே எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாள் மாலை உங்கள் டாக்டரிடம் டோக்கன் போடும்போது முதலில் அதைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் அதே மருந்தை இன்னொரு பெயரில் எழுதிவிடக் கூடும்.