மழைக் கணக்கில் தெரியாத வறட்சி

2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நீலகிரி மாவட்டம் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் இது பாதிக்கும் மேல். அந்த ஆண்டின் மொத்தக் கணக்கைப் பார்ப்பவருக்கு மலையில் தண்ணீருக்குக் குறைவே இல்லை என்று தோன்றும். ஆனால் சரிவில் விழுந்து அன்றே ஓடிப்போன மழை, பிப்ரவரியில் காயும் தேயிலைச் செடிக்கு உதவுவதில்லை. மலைப்பயிருக்கு எவ்வளவு பெய்தது என்பதைவிட எத்தனை நாள் பெய்தது என்பதே முக்கியம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கின்றன. மேற்கே வெள்ளம் என்ற செய்தி வரும் அதே ஆண்டில் கிழக்குச் சரிவு வாடலாம்.

தேயிலைக்கு மண்ணில் ஈரம் இருந்தால் மட்டும் போதாது. காற்று மிகவும் வறண்டால் இலைத்துளைகள் சுருங்கும். உணவு தயாரிப்பு குறையும். கொழுந்து நீளாமல் மொட்டு உறங்கிவிடும். வேரடியில் தண்ணீர் விட்டாலும் இது முழுவதும் தீராது. தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலுக்கு இருக்கும் மதிப்பு இங்கேதான் புரியும்.

வடகிழக்கு மழை சீக்கிரம் விடைபெற்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேகமற்ற இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வெளியேறும், குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்கும், உறைபனி விழும். விடிந்து வெயில் ஏறும்போது கொழுந்து கருகிக் கிடக்கும். தப்பியதை வறண்ட மாதங்களில் செஞ்சிலந்தி உறிஞ்சும். பிறகு மழை வந்து மூட்டம் நாள்கணக்கில் நீடித்தால், தென்னிந்தியத் தோட்டங்களுக்கு 1946இல் வந்த கொப்புள நோய் தலைதூக்கும். அந்தப் பூஞ்சை முற்றிய இலையை விட்டுவிடும்; நாம் பறிக்கும் இளங்கொழுந்தைத்தான் பிடிக்கும்.

கேரட், உருளைக்கிழங்கு விவசாயிகளின் நிலை இன்னும் கடினம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதால் பலர் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிக்கிறார்கள். மழை சீராகப் பெய்தால் சேதம் அவ்வளவாகத் தெரியாது. ஒரே நாளில் கொட்டினால் இட்ட உரத்தோடு மேல்மண்ணும் ஓடைக்குப் போகும். இதை அவர்களுடைய அறியாமை என்று சொல்வது நியாயமல்ல. அழுகலுக்கும் அரிப்புக்கும் நடுவில் அவர்கள் எடுக்கும் முடிவு அது.

1954 முதல் உதகையில் இயங்கும் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம் தேயிலைக்குச் சொல்லும் வழிகளில் ஒன்று எளியது: சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில், விட்டுவிட்டுச் சிறு குழிகள் வெட்டுவது. ஓடும் நீர் அதில் நின்று மண்ணுக்குள் இறங்கும், அடித்து வரும் மண்ணும் அங்கேயே தங்கும். கவாத்து செய்த கிளைகளைச் செடியடியில் பரப்பினால் அந்த ஈரம் கோடையிலும் கொஞ்சம் தாங்கும். ஆனால் குழி வெட்டக் கூலி உடனே கொடுக்க வேண்டும், பலன் மெல்லத்தான் வரும். மாதாமாதம் பசுந்தேயிலை விலையை எதிர்பார்த்துக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயியால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. வெள்ளத்துக்குப் பின் நிவாரணம் தரும் அரசு, வெள்ளத்துக்கு முன்பே இந்தக் கூலியை ஏற்க வேண்டும்.