பரங்கி விதைக்க ஏற்ற காலம் எது?

குளிர் நாடுகளில் கடைசி உறைபனி கழிந்த பிறகே பரங்கி விதைப்பார்கள். எண்ணூர், திருவொற்றியூர், மீஞ்சூர் பக்கத்து விவசாயிகளுக்கு உறைபனிக் கவலை இல்லை. இங்கே பகை இரண்டு: வடகிழக்குப் பருவமழை, கோடையில் உப்புக் கரிக்கும் கிணற்று நீர்.

ஆடிப்பட்டம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். கோ.2 ரகத்தின் வயது 135 நாள். ஆடி முதல் தேதி விதைத்தால் கொடி ஓயக் கார்த்திகை நடுப்பகுதி ஆகிவிடும். ஐப்பசி மழையில் பிஞ்சும் காயும் அழுகும். ஜூன் முதல் வாரத்தில் விதைத்தால் புரட்டாசி முடிவில் அறுவடை முடியும். ஆனால் அப்போது கிணற்றில் நல்ல நீர் இருக்க வேண்டுமே!

ஆகவே மார்கழிக் கடைசியே மேல். மழையில் மண்ணின் உப்பு கரைந்து இறங்கியிருக்கும், கிணறும் தெளிந்திருக்கும். அவசரப்பட்டுக் கார்த்திகையில் போடக்கூடாது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். கோ.1 ரகம் 175 நாள் ஆகும். ஆனி வரை உப்பு நீர் பாய்ச்ச நேரிடும். இப்பகுதிக்கு அது வேண்டாம்.

குழிக்குக் குழி 2 மீட்டர் இடைவெளி விட்டு, தொழு உரம் இட்டு, குழிக்கு 5 விதை ஊன்றவும். 15 நாள் கழித்து நல்ல செடி இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைந்துவிடவும்.