திரை கறுத்துவிட்டதா? டிவியைத் தூக்கிப்போடும் முன்...

புதிய பிளேயர் ஒன்றை வீட்டிலுள்ள பழைய டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளால் இணைக்கிறீர்கள். இரண்டிலும் விளக்கு எரிகிறது. திரையில் மட்டும் படம் இல்லை. ‘டிவி போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டியதுதான்’ என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். சற்றுப் பொறுங்கள், மாணவர்களே! பல வேளைகளில் இரண்டு கருவிகளும் நன்றாகவே இருக்கும். அவற்றுக்கிடையே நடக்க வேண்டிய அறிமுகம்தான் பாதியில் நின்றிருக்கும்.

மூன்று படி அறிமுகம்

வழக்கமான எச்டிஎம்ஐ இணைப்பியில் 19 தொடுமுனைகள் உள்ளன. சில முனைகள் படத்தையும் ஒலியையும் கொண்டு செல்கின்றன. வேறு சில, கருவிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ள உதவுகின்றன.

முதலில், பிளேயர் 18ஆம் முனை வழியாக 5 வோல்ட் மின்னழுத்தம் தருகிறது. ‘நான் இருக்கிறேன்’ என்று டிவி 19ஆம் முனை வழியாகத் தெரிவிக்கிறது.

அடுத்து, டிவிக்குள் பதிவு செய்யப்பட்டுள்ள ஒரு குறிப்பைப் பிளேயர் படிக்கிறது. இதன் பெயர் இடிஐடி. டிவி எவ்வளவு தெளிவான படத்தைக் காட்டும், எந்த வகை ஒலியை ஏற்கும் என்ற விவரங்கள் இதில் இருக்கும்.

மூன்றாவது, எச்டிசிபி சோதனை. திருட்டு நகலைத் தடுக்க, பிளேயர் படத்தைப் பூட்டி அனுப்புகிறது. அதைத் திறக்கும் சாவி டிவியிடம் இல்லையென்றால் படம் வராது.

பழைய டிவி தடுமாறுவது ஏன்?

முழு எச்டி படத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. 4கே படத்தில் 3840 × 2160, அதாவது 82,94,400. சரியாக நான்கு மடங்கு! பிளேயரை 4கே அளவில் நிலையாக அமைத்துவிட்டால், பழைய டிவியால் அந்தச் சமிக்ஞையைப் புரிந்துகொள்ள முடியாது. மேலும், 4கே திரைப்பட வட்டுகளை 4கே தெளிவில் பார்க்க எச்டிசிபி 2.2 தேவை. 2013க்கு முன் வந்த டிவிகளில் அது இருக்காது.

என்ன செய்யலாம்?

அறிவியல் சோதனையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டுமே மாற்றுவோம். இங்கும் அப்படித்தான். ஒன்றை மாற்றுங்கள், விளைவைக் கவனியுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

1. கேபிள் செருகிய துளையின் எண்ணும் ரிமோட்டில் தேர்ந்தெடுத்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

2. இரண்டு கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்தி, ஒரு நிமிடம் காத்திருங்கள். முதலில் டிவியையும் பிறகு பிளேயரையும் இயக்குங்கள். அறிமுகம் தொடக்கத்திலிருந்து நடக்கும்.

3. கேபிளை வேறு துளையில் செருகுங்கள். பிறகு வேறு கேபிளைப் பயன்படுத்துங்கள். திரையில் மின்மினிபோல் புள்ளிகள் தெறித்தால் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

4. பிளேயரைப் புதிய டிவி ஒன்றோடு இணைத்து, படத் தெளிவை 1080பி அல்லது 720பி ஆகக் குறையுங்கள். பிறகு பழைய டிவிக்குக் கொண்டு வாருங்கள்.

5. படம் வந்து ஒலி வரவில்லையா? ஒலி அமைப்பைப் பிசிஎம் என மாற்றுங்கள். பழைய டிவிகள் பலவற்றுக்கு டால்பி போன்ற பல்வழி ஒலி புரியாது.

மெனு தெரிகிறது, குறிப்பிட்ட படத்தைப் போட்டால் மட்டும் திரை கறுக்கிறது என்றால் எச்டிசிபி பொருந்தாதது காரணமாக இருக்கலாம். அதே படத்தின் சாதாரண புளூ-ரே அல்லது டிவிடி வட்டு அந்த டிவியில் ஓடக்கூடும்.

எதைச் செய்தாலும் டிவியின் பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும். இவ்வளவும் செய்து பார்த்த பின்னும் படம் வராவிட்டால், அப்போது பழுதுபார்ப்பவரை அழையுங்கள். எந்தப் படியில் சிக்கல் என்று உங்களால் அவரிடம் தெளிவாகச் சொல்ல முடியும்.